‘கூலி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

குமரி மாவட்டத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குச் செல்லவிருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

2027 பிப்ரவரியில் நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்கப் போகிறீர்கள். 1991, 2001, 2011 என்று மூன்று முறை அப்படி ஏறி இறங்கியவன் நான். அன்றைக்குப் படிவம் மடங்கிவிடக் கூடாது, நனைந்துவிடக் கூடாது என்று அதைக் கைக்குழந்தையைப் போலச் சுமந்து திரிந்தோம். உங்கள் கையில் கைப்பேசி இருக்கும். அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. நாய்க்குப் பயப்படுவது மட்டும் மாறியிருக்காது.

இந்த முறை எல்லாருடைய சாதியையும் கேட்கப் போகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்டது 1931இல்தான் கடைசி. அதனால் தேநீர்க் கடை முதல் கோயில் திண்ணை வரை இதே பேச்சாக இருக்கிறது. எனக்கு அதில் பெரிய கவலை இல்லை. நம் மாவட்டத்தில் சாதியை யாரும் தப்பாகச் சொல்வதில்லை. கேட்காமலே உட்பிரிவு வரை சொல்வார்கள். மழுப்புவது தொழிலைத்தான். அவர்கள் மழுப்பியதை அப்படியே எழுதிக்கொண்டு நாமும் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவோம். இந்த மடல் அந்த ஒரு கட்டத்தைப் பற்றியது.

1991இல் விளவங்கோடு வட்டத்தில் என்னோடு பணி செய்த ஆசிரியர் ஒருவர் தஞ்சைப் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்தவர். ஒரே தெருவில் ஏழெட்டு வீடுகளில் பெண்களின் பெயருக்கு எதிரே ‘அலுவலகப் பணி’ என்று எழுதிக் கொண்டுவந்தார். மேற்பார்வையாளர் திகைத்துப்போனார். ஓலையும் ஓடுமான வீடுகள், அத்தனையிலும் அரசு அலுவலர்களா? ‘நான் என்ன செய்ய, எல்லாரும் ஆபீசுக்குப் போவதாகத்தான் சொன்னார்கள்’ என்றார் அவர். அந்தப் பெண்கள் சொன்னது அண்டி ஆபீஸ். முந்திரிக்கொட்டை ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நாற்காலி போடாத ஆபீஸ்.

நாங்கள் சிரித்து முடித்ததும் அவர் வெட்கத்தோடு எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் ‘கூலி’ என்று திருத்தி எழுதினார். முதலில் எழுதியதைவிட இதுதான் பெரிய தவறு என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. ‘அலுவலகப் பணி’ என்று இருந்திருந்தால் யாராவது ஒருநாள் சந்தேகப்பட்டுத் திரும்பப் பார்த்திருப்பார். ‘கூலி’யை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

அந்தச் சொல்லுக்குள் என்னவெல்லாம் புதைகிறது என்று பாருங்கள். அண்டி ஆபீசில் வறுப்பவர் வேறு, உடைப்பவர் வேறு, தோல் உரிப்பவர் வேறு, தரம் பிரிப்பவர் வேறு. கொட்டை உடைப்பவரின் கை தோட்டெண்ணெயில் கறுத்து வெந்திருக்கும். கல்யாண வீட்டில் அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். தரம் பிரிப்பவரின் கை வெள்ளையாக இருக்கும். அதே கொட்டகை, அதே முதலாளி, ஆனால் பெண் பார்க்க வரும் இடத்தில் இரண்டும் ஒன்றாகக் கருதப்படுவதில்லை. உடைக்கப்படும் கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. தான்சானியாவில் விளைச்சல் குறைந்தாலோ விலை ஏறினாலோ மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் உலை தள்ளிப்போகும். உலகச் சந்தையில் இவ்வளவு நேராகக் கட்டப்பட்ட ஒரு தொழிலாளியை, வரப்பு வெட்டப் போகிறவரோடு சேர்த்து ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

பழைய படிவத்தை நினைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. 1991 வரை உழைப்பவர்களை ஒன்பது வகையாகப் பிரித்தார்கள். மீன்பிடிப்பும் தோட்டத் தொழிலும் கால்நடை வளர்ப்போடு சேர்ந்து ஒரு தனி வகையாக இருந்தன. 2001இல் ஒன்பது நான்கானது: பயிரிடுவோர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழிலில் ஈடுபடுவோர், பிறர். அந்தப் ‘பிறர்’ என்ற கட்டத்துக்குள் ஆசிரியர், பாதிரியார், பேருந்து ஓட்டுநர், வங்கி மேலாளர், ஆலைத் தொழிலாளி, அரசியல்வாதி எல்லாரும் உண்டு. ரப்பர், தென்னை, பாக்கு, தேயிலை, காபி ஆகியவை தோட்டப் பயிர்கள் என்பதால் அவை ‘பயிரிடுதல்’ கணக்கில் வருவதில்லை. அதாவது தோவாளையில் நெல் நடுபவர் பயிரிடுபவர். கருங்கலில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ‘பிறர்’. கீரிப்பாறையில் விடியுமுன் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்ணும் ‘பிறர்’. அவரிடம் ரப்பர் ஷீட் வாங்கிக் கோட்டயத்துக்கு அனுப்பும் வியாபாரியும் ‘பிறர்’. நெல் வயல் சுருங்கி மனையாகிப்போன மாவட்டம் இது. கடலும் ரப்பரும் தென்னையும் முந்திரியும் வெளிநாட்டுப் பணமும்தான் நம் பிழைப்பு. ஆகவே குமரி மாவட்டமே கிட்டத்தட்ட ஒரு ‘பிறர்’ மாவட்டம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான்கு வகையோடு கதை முடிந்துவிடுவதில்லை. தொழில் என்ன, எந்தத் துறை என்று எழுத்தால் எழுதுவதற்கும் 2011 படிவத்தில் இடம் இருந்தது. அந்தச் சொற்களுக்குத்தான் பின்னால் தேசிய வகைப்பாட்டின்படி எண் கொடுத்து விரிவான அட்டவணைகள் தயாரிக்கிறார்கள். நாம் எழுதாத எதற்கும் தில்லியில் யாரும் எண் கொடுக்க முடியாது. நாம் எழுதும் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று இளைய ஆசிரியர்கள் கேட்கலாம். என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

என் பாட்டா, அதாவது தாத்தா, பனையேறி. அவர் ஏறிய பனைகளில் ஒன்றுகூட அவருடையது அல்ல. ஒருநாள் இறக்கிய பதனீர் மரத்துக்காரருக்கு, மறுநாள் இறக்கியது பாட்டாவுக்கு. கலயம், சுண்ணாம்பு, அரிவாள் எல்லாம் அவர் செலவு. விழுந்தால் விழுந்தவர் செலவு. ஆச்சி விறகு பொறுக்கிப் பதனீர் காய்ச்சிக் கருப்பட்டியாக்கிச் சந்தைக்குச் சுமந்து போவார். பாட்டாவுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளி கிடையாது. அவர் பெயரில் மரமும் கிடையாது. இன்றைய படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டால் அவர் யார்? வேலை கொடுப்பவரா, வேலை பார்ப்பவரா, தனியாகத் தொழில் செய்பவரா? மூன்றுக்கும் தலையை ஆட்டியிருப்பார். அதிகாரியிடம் மறுத்துப் பேசும் பழக்கம் அவர் தலைமுறைக்கு இல்லை.

இல்லாமல் போனதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தாத்தா காலத்தில் திருவிதாங்கூரில் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலை இருந்தது; தலைக்கு வரி இருந்தது; பெண்கள் தோளில் சீலை போடுவதற்கே பல பத்தாண்டுகள் அடிபட்டு 1859இல்தான் அரச ஆணை பெற முடிந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னதன் பொருள், தலையில் சும்மாடும் சுமையும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று வாழ்ந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். 1865இல் பண்டாரப்பாட்ட விளம்பரம் என்ற அரச ஆணை வந்து சர்க்கார் நிலத்தில் குத்தகைக்கு இருந்தவர்களுக்கு உரிமை கிடைத்தது. மிஷன் பள்ளிகள் வந்தன; பின்னால் எல்லாச் சமூகத்தாரும் போட்டி போட்டுப் பள்ளி நடத்தினார்கள். ஐந்து சென்ட், பத்து சென்ட் என்றாலும் சொந்த மண், வீட்டுக்கு ஒரு பள்ளிக்கூடப் பை. இவை இரண்டும்தான் இங்கே மாற்றத்தின் கருவிகள். 2011இல் நம் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம்.

இங்கிலாந்தில் வேறு விதமாக நடந்தது. நூற்பாலையும் நிலக்கரிச் சுரங்கமும் கிராமத்து ஆளை இழுத்து நகரத்தில் கொட்டின. 1851 கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகள் என்று தெரிந்தது. உலகத்தில் அப்படி ஒரு நாடு அதற்கு முன் இல்லை. 2011 கணக்குப்படி நம் மாவட்டத்திலும் 82 சதவீதம் பேர் நகரவாசிகள். புகைபோக்கி எங்கே என்று தேடாதீர்கள். நகரத்துக்கு நாம் போகவில்லை. பேரூராட்சி என்ற பலகையை மாட்டிக்கொண்டு நகரம் நம்மிடம் வந்தது. அப்படிப்பட்ட பெரிய ஆலைகள் இங்கே கட்டப்படாததால் ஆலைத் தொழிலாளர்கள் ஆகவேண்டியவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். திருவனந்தபுரத்துக்குக் கொத்தனாராக, சென்னைக்கு எழுத்தராக, பிறகு எண்ணெய் நாடுகளுக்குத் தச்சராக, வெல்டராக, செவிலியராக. நம் வர்க்க மாற்றத்தில் பாதி மாவட்ட எல்லைக்கு வெளியே நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது அதன் பணமும் மாடி வீடும்தான்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு சிக்கல் வரும். 2011இல் எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி, கணக்கெடுக்கும் நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது என்பது. சரியான விதிதான், இல்லாவிட்டால் ஒருவரையே இரண்டு இடத்தில் எண்ண நேரும். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். மஸ்கட்டில் வெல்டராக இருப்பவர் படிவத்தில் இல்லை. அவர் அனுப்பும் பணத்தில் வாழும் வீட்டில் மனைவி ‘வீட்டு வேலை’, அப்பா ‘சார்ந்திருப்பவர்’, பிள்ளைகள் ‘மாணவர்’. மூன்று மாடிக் கட்டடம், உழைப்பவர் ஒருவரும் இல்லை! இந்தப் புதிரைப் படித்துவிட்டுப் பின்னால் வரும் ஆராய்ச்சியாளர் என்ன முடிவுக்கு வருவாரோ. விதியை மீறச் சொல்லவில்லை. குறைந்தபட்சம், ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாத தூத்தூர்ப் பகுதி மீனவர்களை என்ன செய்வது என்று உங்கள் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள். பிப்ரவரி இறுதியில் படகு எங்கே நிற்கும் என்பது கடலுக்குத்தான் தெரியும். வெளிநாட்டில் இருப்பவராவது பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசிய பிறகு, கடலில் இருந்தவர்கள் எத்தனை பேர், யார் யார் என்று கேட்டுக் கடற்கரை ஊர்கள் அலைந்ததை நாம் பார்த்தோம்.

மீனவரைப் பற்றி வந்துவிட்டதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். விசைப்படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் இல்லை. பிடிபட்ட மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவது படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. மீன் இல்லையென்றால் பங்கும் இல்லை. கடனும் முன்பணமும் கொடுத்த தரகர் ஒருவர் கரையில் காத்திருப்பார். இவர் தொழிலாளியா, பங்காளியா? ‘மீனவர்’ என்று மட்டும் எழுதினால் படகு வைத்திருப்பவரும் இவரும் ஒன்றாகிவிடுவார்கள். சின்னத்துறையிலோ வள்ளவிளையிலோ போய் அந்த இருவரும் ஒன்று என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது நாகர்கோவில் வடசேரியில் மாலை ஏழு மணிக்கு ஒரு உணவகத்தின் முன் நில்லுங்கள். முதுகில் சதுரப் பை மாட்டிய இளைஞர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்பார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். பொறியியல் பட்டம் பெற்றவன். வண்டி அவனுடையது, பெட்ரோல் அவன் செலவு, விழுந்தால் கட்டுப் போடுவதும் அவன்தான். நிறுவனம் அவனைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை, பார்ட்னர் என்கிறது. கேட்டதும் எனக்குப் பாட்டாவின் கலயமும் சுண்ணாம்பும்தான் நினைவுக்கு வந்தன. மரம் பிறருடையது, கருவி தன்னுடையது, கூலி என்று பெயர் இல்லாத பங்கு. நூறு வருடத்தில் பனையிலிருந்து இறங்கிப் பட்டம் வாங்கிக்கொண்டு அதே ஏற்பாட்டுக்குள் வந்து நிற்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு: பாட்டாவுக்கு மரத்துக்காரர் யார் என்று தெரியும்.

இந்த வகை வேலைக்கு 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில்தான் நாடு முதன்முதலாகச் சட்டப் பெயர் கொடுத்தது. தமிழ்நாட்டிலும் இவர்களுக்கு 2023இல் நலவாரியம் அமைந்தது. வாரியத்துக்கு ஆள் எத்தனை என்று தெரிய வேண்டாமா? அவனுடைய அம்மாவிடம் கேட்டால் ‘மகன் என்ஜினீயர்’ என்பார். அது பொய்யல்ல, கல்விக் கட்டத்துக்கு உரிய உண்மை. தொழில் கட்டத்தில் வேறொன்றை எழுத வேண்டும். அதை அம்மாவின் முகம் வாடாமல் கேட்டு வாங்குவதில்தான் உங்கள் திறமை இருக்கிறது. அவனிடமே நேரில் கேட்பது நல்லது. முற்றத்தில் பத்துப் பேர் கூடியிருக்கும்போது கேட்காதீர்கள்.

பணம் ஒரு ஏணி, மரியாதை வேறொரு ஏணி என்று மாக்ஸ் வெபர் விளக்கியதைக் கல்லூரியில் படித்தேன், புரிந்தது கணக்கெடுப்பில்தான். ஒரே வீட்டில் அண்ணன் கொத்தனார், தம்பி தனியார் கல்லூரி விரிவுரையாளர். அண்ணனின் வாரக் கூலியைப் பெருக்கிப் பார்த்தால் தம்பியின் மாதச் சம்பளத்தைத் தாண்டும். ஆனால் திண்ணையில் நாற்காலி போடப்பட்டது தம்பிக்கு. படிவத்தில் என்ன எழுத என்று கேட்டதும் அண்ணனே முந்திக்கொண்டு, ‘அவன் பேராசிரியர் என்று எழுதுங்கள் சார், எனக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்’ என்றார். அந்த ‘ஏதாவது’ இருக்கிறதே, அதைத்தான் நாம் ‘கூலி’ என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிரிட்டனில் 1911 கணக்கெடுப்பின் தரவை வைத்து ஸ்டீவன்சன் என்ற புள்ளியியலாளர் மக்களை வர்க்கங்களாகப் பிரித்தார். தொழிலின் பெயரைப் பார்த்து இன்னார் இந்தப் படியில் என்று உட்கார வைத்தது அந்த முறை. அதைத் திருத்தித் திருத்திக் கடைசியில் 2001 கணக்கெடுப்பிலிருந்து வேறு முறைக்கு மாறினார்கள். என்ன வேலை என்பதோடு, அந்த வேலை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்றும் பார்ப்பது: நிலையான சம்பளமா, செய்த அளவுக்குக் காசா, மேலே போக வழி உண்டா, யாரை யார் மேற்பார்வை செய்கிறார்கள். தொழிற்புரட்சி கண்ட நாட்டுக்கே தொழிலின் பெயர் போதாது என்று தெரிய அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. நமக்குக் கொடுக்கப்படும் கேள்விகளை மாற்ற உங்களாலோ என்னாலோ முடியாது. ஆனால் ‘கொட்டை உடைத்தல், கிலோ கணக்கில் கூலி’ என்றோ, ‘விசைப்படகில் பங்குக்கு மீன்பிடித்தல், சொந்தப் படகு இல்லை’ என்றோ எழுத இடம் இருந்தால் எழுதுங்கள். மூன்று சொல் கூடுதல். கைப்பேசியில் தட்டச்சு செய்ய அரை நிமிடம்.

வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஓட்டலின் பின்புறம், கட்டடத்தின் தரைத்தளம், செங்கல் சூளையின் ஓரக் கொட்டகை என்று அவர்கள் தங்கும் இடத்துக்குக் கதவு எண் இருக்காது. நம் ஆட்கள் துபாயில் எந்த அறையில் எப்படிப் படுத்திருந்தார்கள் என்று ஊருக்கு வந்து சொன்னதை நினைத்துக்கொண்டு போனால் அந்தக் கொட்டகை கண்ணில் படும். இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். முதலாளியிடம் கேட்டு எழுத வேண்டாம். அவர் ‘பெங்காலிப் பையன்கள் பத்துப் பேர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்தப் பத்துப் பேரில் ஒடிசாக்காரர் உண்டு, ஜார்க்கண்டுக்காரர் உண்டு, கம்பி கட்டத் தெரிந்தவர் உண்டு, சமையற்காரர் உண்டு.

கடைசியாகப் பெண்கள். ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்று சொல்லும் பெண்ணின் வீட்டு மூலையில் பருப்புச் சாக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தோல் உரித்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. தையல் இயந்திரத்தைப் பாருங்கள். தொழுவத்தைப் பாருங்கள். ‘வருடத்தில் வேலை பார்த்தது ஆறு மாதத்துக்கு மேலா, கீழா’ என்ற கேள்வியை அவசரமாகக் கேட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் கணவர்தான் பதில் சொல்வார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று என் மனைவி கேட்கக்கூடும். 2011இல் என் வீடு இருந்த தெருவும் என் பொறுப்பில்தான் வந்தது. பெரிய ஆசிரியர் என்ற நினைப்பில், கேள்வி கேட்காமலேயே என் வீட்டுப் படிவத்தை நானே இரவில் உட்கார்ந்து நிரப்பினேன். அவள் அன்று இரண்டு பசு வைத்திருந்தாள். விடியற்காலையில் கறந்து பால் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்துதான் எனக்குக் காப்பி போடுவாள். மூத்தவனின் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்தப் பாலில் வந்தது. வீட்டுக்கு மட்டும் பால் கறந்தாலும் வேலை என்றே எழுத வேண்டும் என்று 2001இலேயே விதி வந்துவிட்டது. பயிற்சி வகுப்பில் முன் வரிசையில் இருந்து கேட்டவன் நான். அவள் பெயருக்கு எதிரே ‘வேலை செய்யாதவர், வீட்டு வேலை’ என்று எழுதினேன்.

பசுக்களை விற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. இந்த முறை எங்கள் வீட்டுக்கு நீங்கள் வரும்போது அவளிடமே கேளுங்கள். நான் உள்ளே இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்